சோதித்தோம், ஒன்றும் அகப்படவில்லை

பெருநிறுவனம் ஒன்றின் கணினிகளில் களவு போகும்போதெல்லாம் ஒரு சமாதானம் தவறாமல் வந்து சேர்கிறது: "நாங்கள் முறைப்படி சோதித்துத்தான் வந்தோம்." இதைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. பல சமயங்களில் அது உண்மை, சிக்கலே அதுதான்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸை எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின் ஓட்டையும் அதை அடைக்கும் திருத்தமும் வெளியாயின. அரசின் எச்சரிக்கை மறுநாளே வந்தது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யுமாறு நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் போயிற்று. மார்ச் 15 அன்று கருவிகொண்டு தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பொதுமக்கள் தம் கடன் விவரத்தில் பிழையிருந்தால் முறையிடும் இணையதளத்தில் ஓட்டை அப்படியே இருந்தது. மே 13 அன்று அதன்வழியே நுழைந்தவர்கள் 76 நாட்கள் உள்ளேயே உலவினார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகக் குருடாய்க் கிடந்தது. ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின.

அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் வந்த முன்னாள் தலைமை நிர்வாகி, ஒரு மனிதரின் தவறு, ஒரு கருவியின் தவறு என்று கணக்கை முடித்தார். இந்தக் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. 2015இலேயே அந்நிறுவனத்தின் உள்தணிக்கை, சரிசெய்யப்படாத 8,500க்கும் மேற்பட்ட பலவீனங்களைச் சுட்டியிருந்தது. தன்னிடம் என்னென்ன கணினிகள் உள்ளன என்பதற்கு முழுமையான பட்டியலே இல்லை என்பதையும் சொல்லியிருந்தது. பட்டியலில்லாத வீட்டில் எந்த அறையைச் சோதிப்பது? கையில் தரப்பட்ட பக்கங்களுக்கு மட்டும் மெய்ப்புப் பார்த்துவிட்டு நூல் முழுவதும் பிழையற்றது என்று முத்திரை குத்துவதை எந்தப் பதிப்பாசிரியரும் ஒப்பமாட்டார். வணிக உலகமோ அதைப் பாதுகாப்பு என்றே அழைக்கிறது.

எந்தச் சோதனையும் எல்லா ஓட்டைகளையும் காட்டிவிடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காட்டப்பட்ட ஓட்டைகள் என்னவாயின என்பதே நமது கேள்வி. நல்ல சோதனையாளர் தாக்குபவரைப்போல் யோசித்து, பூட்டியதாக நம்பப்படும் கதவுகளைத் தட்டிப் பார்ப்பவர். அவருடைய அறிக்கை மேசையறைக்குள் உறங்குமானால், அதற்குச் செலவிட்ட பணம் மனச்சாந்திக்குச் செய்த பரிகாரமே. ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பாளரும் கெடுவும் வேண்டும். குறை தீர்ந்ததா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். அந்த விடை நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

இதைத் தொழில்நுட்பர்களின் வீட்டு விவகாரமென்று நாம் ஒதுங்கிப்போக முடியாது. அந்த 14.7 கோடிப் பேரில் பெரும்பாலோர் ஈக்விஃபேக்ஸை நாடிச் சென்றவர்கள் அல்லர். வங்கிகள் அவர்களைப் பற்றிய விவரங்களைத் தந்தன. நிறுவனம் சேர்த்து விற்றது. 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி குறைந்தது 57.5 கோடி டாலர் தர நிறுவனம் இசைந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை யார் மாற்றித் தருவார்?

இழப்பு ஊராருடையது, சோதனையின் முடிவு மட்டும் நிறுவனத்தின் அந்தரங்கம். இந்த ஏற்பாடு நீடிக்கும்வரை, "சோதித்தோம்" என்ற சொல்லை நாம் சாட்சியமாக ஏற்கப்போவதில்லை. என்ன கண்டீர்கள், கண்டதை எப்போது சரிசெய்தீர்கள் என்றே கேட்போம்.