பெட் ஸ்கேனுக்கு முன் சீனியின் அளவு: நோயாளருக்கு யார் சொல்வது?

புற்றுநோய் உடலில் எங்கெங்கு பரவியிருக்கிறது என்பதை அறிய எடுக்கப்படும் பெட் ஸ்கேனுக்காக வடபகுதி நோயாளர்கள் கொழும்புக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கு போனதும் முதலில் விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள். ஒரு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல நிலையங்களில் ஸ்கேனைப் பிற்போட்டுவிடுவார்கள். பயணச் செலவு, கூட வந்தவரின் நாட்கூலி, தங்குமிட வாடகை எல்லாம் வீண்.

இது நிலையங்களின் பிடிவாதம் அல்ல. புற்றுக்கலங்கள் சீனியை அதிகமாக உறிஞ்சும். அதனால் கதிரியக்கப் புளோரின் சேர்த்த ஒருவகைச் சீனியை ஊசி மூலம் ஏற்றி, அது எங்கே குவிகிறது என்று படம் எடுக்கிறார்கள். இரத்தத்தில் ஏற்கெனவே சீனி நிறைந்திருந்தால், ஊசிச் சீனி அதனோடு போட்டிபோட்டே கலங்களுக்குள் நுழைய வேண்டும். குறைவாகவே நுழையும். கட்டி மங்கலாகத் தெரியும். சிறிய கட்டி தெரியாமலும் போகலாம். அவசரமாக இன்சுலின் ஏற்றினாலோ, ஊசிச் சீனி தசைகளுக்குள் போய்விடும். மருந்தை எடுத்து வைக்கவும் முடியாது. அதன் கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் ஸ்கேனின்போது சீனி கட்டுப்பாட்டில் இருந்து, சிகிச்சைக்குப் பிந்திய ஸ்கேனின்போது கூடியிருந்தால், கட்டி சுருங்கிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படலாம்.

ஸ்கேனுக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டுமே குடிக்கலாம். இரவு பஸ்ஸில் வருபவர் விடியற்காலையில் இறங்கிக் குடிக்கும் சீனி போட்ட தேத்தண்ணியே போதும், கணக்கைக் குழப்ப. கீமோவோடு கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்துகள், முன்பு நீரிழிவே இல்லாதவருக்கும் சீனியை ஏற்றும். மெற்போமின் குளிசை குடலைப் படத்தில் ஒளிரச் செய்யும் என்பதால் சில நிலையங்கள் அதை 48 மணித்தியாலங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கின்றன. ஆனால் குளிசையையோ இன்சுலினையோ தானாக நிறுத்துவது ஆபத்து. வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

போரைக் கடந்து வந்தவர்கள் சொல்லவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால், அந்த இடமும் கட்டிபோல ஒளிரக்கூடும். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றைக் கொழும்பில் வரிசையில் நிற்கும்போது தெரிந்துகொண்டு பயனில்லை. அனுப்பும் கிளினிக்கே ஒரு வாரத்துக்கு முன் சீனியைப் பார்த்து, கூடியிருந்தால் கட்டுப்படுத்தி, தமிழில் ஒரு பக்க அறிவுறுத்தலைக் கையில் கொடுத்து அனுப்பலாம். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குவது நோயாளரின் உரிமை.