பங்குச் சந்தையின் பஞ்சாங்கம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று உழவன் நம்புகிறான். கதிர் கண்ணெதிரே நிற்பதால் அதில் நியாயம் உண்டு. பங்குத் தரகர்களிடமும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஜனவரியில் விலை ஏறும்; மே மாதம் விற்றுவிட்டு ஒதுங்கு; அக்டோபரில் ஜாக்கிரதை; தீபாவளியன்று முகூர்த்த வியாபாரம் செய்! இந்த ஜோதிடம் இன்று கைபேசி வழியாக மில் வாசலுக்கும் கிராமத்து டீக்கடைக்கும் வந்துவிட்டது. ஆகவே நாம் இதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இது முழுப் பொய்யா? இல்லை. நியூயார்க் சந்தையின் 1904 முதல் 1974 வரையிலான கணக்கை ரோஜெஃப், கின்னி என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டார்கள். ஜனவரியில் சராசரி ஆதாயம் நூற்றுக்குச் சுமார் மூன்றரை; மற்ற மாதங்களில் அரைதான். சிறு கம்பெனிகளின் பங்குகளில்தான் இந்த ஏற்றம் அதிகம்.

காரணம் என்ன? அமெரிக்காவில் வரிக் கணக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது. விலை இறங்கிய பங்குகளை டிசம்பரில் விற்று, நஷ்டக் கணக்குக் காட்டி வரியைக் குறைக்கிறார்கள் பணக்காரர்கள். ஜனவரியில் மறுபடி வாங்குகிறார்கள். அறிஞர் பலர் கூறும் காரணம் இதுதான். இந்த ஏற்றத்துக்காக எந்த மில்லிலும் ஒரு கஜம் துணி கூடுதலாக நெய்யப்படவில்லை!

காலம் தெரிந்தால் நாமும் லாபம் பார்க்கலாமே என்று கேட்கலாம். அறுவடையில் நெல் விலை விழும், பிறகு ஏறும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்? கடன்பட்ட விவசாயி களத்திலேயே அளந்து கொடுத்துவிடுகிறான். லாபம் கிட்டங்கி வைத்திருப்பவனுக்கு. பங்குக்கோ கிட்டங்கியும் வேண்டாம். ஜனவரியில் ஏறும் என்ற சேதி பரவினால் பெரும் பணக்காரன் டிசம்பரிலேயே வாங்கிவிடுவான். விலையும் அப்போதே ஏறிவிடும். சேதி நம் பையன் காதுக்கு வரும்போது வண்டி போய்விட்டிருக்கும்.

பஞ்சாங்கம் பொய்ப்பதும் உண்டு. ‘நல்ல மாதம்’ என்ற ஜனவரியில்தான், 2008-ல் 21-ஆம் தேதி, மும்பை சென்செக்ஸ் ஒரே நாளில் 1,400 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது.

நஷ்டம் யாருக்கு? ‘எஃப் அண்ட் ஓ’ எனப்படும் முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர், 2022 மார்ச் முதல் 2024 மார்ச் வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது செபி 2024-ல் வெளியிட்ட கணக்கு.

நாம் சந்தைப் பக்கமே போவதில்லை என்று மில் தொழிலாளி கூற முடியாது. 2015 ஆகஸ்டு முதல் வருங்கால வைப்பு நிதியில் புதிதாகச் சேரும் பணத்தின் ஒரு பங்கு சந்தைக்குப் போகிறது. முதலில் நூற்றுக்கு 5. 2017-ல் அது 15 ஆயிற்று. ஓய்வு பெறும் தேதியை நாம் தள்ளிப்போட முடியாது. சந்தையோ நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே தோழர்களே, கூலிப் பணத்தைத் தரகனின் பஞ்சாங்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வைப்பு நிதி எங்கே போகிறது, என்ன விலைக்கு வாங்கினார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்று சங்கத்தின் மூலம் ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். அது நம் வியர்வைப் பணம்; கேட்க நமக்கு உரிமை உண்டு!