நல்வாழ்வுப் பகுதி: வாயு என்று ஒதுக்கலாகாது

வயிற்றில் வலி கண்டால் அதற்கு நம் இல்லங்களில் முதலில் இடும் பெயர் ‘வாயு’ என்பதே. ஓமநீர் அருந்துவர், பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடிப்பர். சாதாரண அஜீரணத்திற்கு இவை ஆறுதல் தருவதுண்டு. ஆயின், அதே வலி மீண்டும் மீண்டும் வருமாயின், அது பித்தப்பையில் தோன்றிய கற்களால் நேர்வதாக இருக்கலாம். தென்னாட்டைக் காட்டிலும் கங்கைச் சமவெளியில் இந்நோய் மிகுதி. ஆதலின், டில்லி, கான்பூர், காசி, பாட்னா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

கல்லீரல் நாள்தோறும் அரை முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதியைச் செறிவாக்கிச் சேமித்து வைப்பது, கல்லீரலின் அடியிலுள்ள பித்தப்பை. நெய்யும் எண்ணெயும் கலந்த உணவை நாம் உண்டதும் அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது. பித்தநீரில் கொழுப்புச் சத்து மிகும்போது அது படிந்து கல்லாகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். பிள்ளைப்பேறு, உடற்பருமன், நாற்பதைக் கடந்த வயது ஆகியன துணைக்காரணங்கள். பட்டினி கிடந்து உடலை விரைவில் மெலியச் செய்வதும் கல்லை வளர்க்கும்.

வலியின் இயல்பைக் கவனியுங்கள். நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ தொடங்கி, வலது தோட்பட்டைவரை பரவும். விருந்துண்ட இரவில் வரும். அரைமணி முதல் சில மணி நேரம் நீடித்துத் தணியும். நெஞ்சுக்குழி வலி இருதய நோயாலும் வருவதுண்டாகையால், வீட்டிலேயே முடிவு கட்டிவிடலாகாது.

‘பத்ரீ’ என்று இந்தியில் மருத்துவர் கூறினால், எந்த உறுப்பில் என்று கேட்டறிதல் வேண்டும். ‘குர்தே கீ பத்ரீ’ சிறுநீரகக்கல். ‘பித்த கீ பத்ரீ’ பித்தக்கல். கல் என்றதுமே வாழைத்தண்டுச் சாறு பிழியத் தொடங்குவது நம் வழக்கம். பித்தக்கல் சிறுநீர் வழியே வெளியேறுவதன்று. அச்சாறு அதனைக் கரைப்பதுமில்லை.

ஆறு முதல் எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தால் கல் பெரும்பாலும் தெரிந்துவிடும். கல் இருந்தும் தொல்லையில்லை எனில், பலருக்கும் சிகிச்சை வேண்டுவதில்லை. தொல்லை தந்த கல்லுக்குத் தக்க பரிகாரம் பித்தப்பையை அகற்றுவதே. 1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்பார் இச்சிகிச்சையை முதன்முதல் செய்தார். சிறு துளைகளின் வழியே செய்யும் முறையை 1990இல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா நம் நாட்டிற்குக் கொணர்ந்தார். இதில் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். பித்தப்பை இன்றியும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலை அடையுமாதலால், உண்டு வாழ்வதற்குத் தடையில்லை.

இங்கு நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. ‘கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சொந்தமும் சொந்த மொழியும் அருகிருக்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானதே. ஆனால் கல் விடுமுறைக்குக் காத்திராது. அது நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் காமாலையும், கணையத்தில் அழற்சியும் உண்டாகலாம். ஒன்றரை நாள் ரயில் பயணத்தின் நடுவே அவ்வாறு நேர்ந்தால் என் செய்வது? குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், பழுப்புநிறச் சிறுநீர், ஓயாத வாந்தி, சில மணி நேரமாகியும் தணியாத வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மொழி தடையாயின், இந்தி நன்கறிந்த அண்டைவீட்டுத் தமிழன்பரைத் துணைக்கழையுங்கள். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, தம் வலியைச் சொல்லாமல் படுத்துவிடும் தாய்மார்களை, மற்றவர்கள் தாமே கேட்டறிதல் கடமையாகும்.