கோடும் தளமும்

தமிழ் பயில்வார்க்குக் கணிதத்தோடு யாது உறவு என்று வினவுவார் நம் கலாசாலையிற் பலருளர். யாமும் சென்ற ஆண்டுவரை அக்கட்சியைச் சார்ந்தே நின்றோம். இலக்கண வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில், கணித வகுப்பின் கரும்பலகை கண்ணிற் படுந்தோறும், அஃது எமக்குரியதன்று என எண்ணி முகந் திருப்பிச் சென்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதைப் பதினேழடி நூல் ஒன்று எமக்குக் கற்பித்தது. அவ்வரலாற்றைக் கூறி, அதனின்று யாம் கொண்ட கருத்தொன்றையும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

எம்மோடு ஓரறையில் உறைபவர் கணிதம் பயிலும் நண்பர் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்பு முடியத் தமிழ்வழியே கற்றுச் சிறந்த மதிப்பெண் பெற்று வந்தவர். இங்கோ விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. முதற் பருவம் முழுவதும் அவர் வகுப்பில் ஒரு வினாவேனும் கேட்டிலர். ஓரிரவு, படிப்பை விடுத்து ஊர் செல்லத் துணிந்து பெட்டியைக் கட்டலானார். காரணம் வினவியபோது, திருத்தப்பெற்ற விடைத்தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினார். ஒரு கோட்டிற்கும் ஒரு தளத்திற்கும் இடைப்பட்ட கோணத்தை வெக்டர் முறையாற் காண்க என்பது வினா. பெருக்கலும் வகுத்தலும் பிழையின்றி முடித்து, இறுதி வரியில் விடையைத் தவறவிட்டிருந்தார். "சூத்திரத்தில் வருவது சைனா, கொசைனா என்பது எனக்கு எப்போதும் மயங்குகிறது. எத்தனை முறை மனனஞ் செய்தும் நிற்கவில்லை" என்றார்.

யாம் அக்கணக்கை அறியோம். ஆயினும், "கோட்டிற்கும் தளத்திற்கும் இடைப்பட்ட கோணம் என்றால் என்ன?" என்று கேட்டோம். அவர் சூத்திரத்தை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். "சூத்திரம் இருக்கட்டும், அதன் பொருள் யாது?" என்றோம். அவர் வாய் திறந்திலர்.

எம் அறை 12 அடி நீளமும், 9 அடி அகலமும், 8 அடி உயரமும் உடையது. தரையின் ஒரு மூலையிலிருந்து அதற்கெதிரான மேல்மூலைவரை நூலொன்றை இழுத்துக் கட்டினோம். நூலே கோடு, தரையே தளம். அம்மூலையினின்று தரையின்மேல் எண்ணிறந்த கோடுகள் வரையலாம். ஒவ்வொன்றோடும் நூல் வெவ்வேறு கோணஞ் செய்கிறது. நீளச் சுவரின் அடியோடு ஏறத்தாழ 45 பாகை; அகலச் சுவரின் அடியோடு 58 பாகை. இவற்றுள் எதனைத் தளத்தோடு கூடிய கோணம் என்பது?

கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் தம் பெருநூலின் பதினோராம் புத்தகத்தில் இதற்கு விடை வகுத்துள்ளார். கோட்டின் மேன்முனையினின்று தளத்திற்குச் செங்குத்து ஒன்று வீழ்த்துக. அதன் அடியையும் கோட்டின் கீழ்முனையையும் சேர்க்க. தளத்தின்மேல் ஒரு வீழல் கிடைக்கும். கோட்டிற்கும் அவ்வீழலுக்கும் இடைப்பட்டதே வேண்டிய கோணம். தளத்திலுள்ள கோடுகளோடு உண்டாகும் கோணங்கள் எல்லாவற்றுள்ளும் இதுவே சிறியது. எம் அறையில் வீழலாவது தரையின் மூலைவிட்டம். அதன் நீளம் 15 அடி. நூலின் நீளம் 17 அடி. கோணம் ஏறத்தாழ 28 பாகை.

பின்னர் நண்பர் தாமே தாளெடுத்து வெக்டர் முறையிற் கணக்கிட்டார். நூலின் வெக்டர் (12, 9, 8). தளத்திலோ திசைகள் பல. ஒன்றைப் பொறுக்கி இதுவே தளமெனல் இயலாது. ஆதலின் தளத்திற்குச் செங்குத்தாய் நிற்கும் திசையையே தளத்தின் பிரதிநிதியாகக் கொள்வர். தரைக்கு அது நேர்மேல் நோக்கும் (0, 0, 1). கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டின் நூல் காட்டும் திசையும் இதுவே. இரண்டு வெக்டர்களையும் திசையிலிப் பெருக்கஞ் செய்ய 8 வரும். அதனை 17, 1 என்னும் நீளங்களின் பெருக்கத்தால் வகுக்க 8/17. நண்பர் இதனைக் கொசைன் எனக் கொண்டு 62 பாகை என்றெழுதினார். எழுதியவர் நிமிர்ந்து நூலை நோக்கினார். நூலோ நேர்கோணத்திற் பாதியும் எழாது தரையை நோக்கித் தாழ்ந்து கிடந்தது. நெடுநேரம் பார்த்திருந்தவர், "இந்த 62 தரையோடு வந்த கோணமன்று, செங்குத்தோடு வந்த கோணம்!" என்று கூவினார்.

செங்குத்தோடு 62 பாகையாயின், தரையோடு 90இல் 62 போக எஞ்சிய 28. ஒரு கோணத்தின் கொசைனும் அதன் நிரப்புக் கோணத்தின் சைனும் ஒன்றேயாதலின், 8/17 என்பதனை நேரே சைன் எனக் கொள்ளின் 28 தானே கிடைக்கும். சூத்திரத்தில் சைன் புகுந்த மர்மம் இவ்வளவே. செங்குத்தை மேல்நோக்கிக் கொள்ளினும் கீழ்நோக்கிக் கொள்ளினும் தளம் மாறுவதில்லை; அதனாற்றான் பெருக்கத்தின்முன் குறைக்குறி வரின் அதனை நீக்குகின்றனர். பெருக்கம் சுழியாயின் கோடு தளத்திற்கு இணையாகச் செல்லும், அன்றித் தளத்திலேயே கிடக்கும். இவை யாவும் அன்றிரவு நண்பர் எமக்கு விளக்கியவை. விளக்கி முடித்துப் பெட்டியின் கட்டை அவிழ்த்தார்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. பகலும் இரவும் ஒத்த நாளின் நண்பகலில், ஏறத்தாழ வட அட்சம் 13 பாகையிலுள்ள சென்னையின் தரையோடு ஞாயிற்றின் கதிர் 77 பாகைக் கோணஞ் செய்யும். 51½ பாகையிலுள்ள இலண்டனிலோ 38½ பாகையே. ஒரு சதுர அடித் தரை ஏற்கும் வெயில் அக்கோணத்தின் சைனைப் பொறுத்தது. காற்று மண்டலத்தின் தடையை நீக்கி நோக்கின், நேர்வெயில் 1 எனின் சென்னைக்கு 0.97, இலண்டனுக்கு 0.62. நம் ஊர் வெப்பமும் அவ்வூர்க் குளிரும் பெரும்பாலும் இந்தக் கோணத்தின் விளைவே.

இனித் தமிழ் மாணாக்கர்க்குரிய பகுதிக்கு வருவோம். வெக்டர் என்னும் பெயரை 1840களில் இப்பொருளில் வழங்கியவர் அயர்லாந்து அறிஞர் ஹாமில்டன். இலத்தீனில் அச்சொல்லுக்குச் சுமந்து செல்வது என்பது பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல் அதனை வெக்டர் என்றே வழங்கும். திசையன் என்பாரும் உளர். ஈழத்துத் தமிழ்க் கணித நூல்களோ காவி என்கின்றன. காவுதல் என்பது தோளிற் சுமத்தல். ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் காவிச் செல்வது காவி. என்ன பொருத்தம்! அவ்வாறே தளத்தின் செங்குத்திற்கு ஆங்கிலர் வழங்கும் நார்மல் என்னும் சொல், தச்சரது மூலைமட்டத்தைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று வந்தது. இச்செய்திகளை நண்பரிடம் கூறியபோது, சூத்திரத்தைக் காட்டிலும் இவை தம் மனத்தில் ஆழப் பதிந்தன என்றார். அவர்க்குக் குறைவாயிருந்தது அறிவன்று. தாம் கற்பதைத் தம்மொழியிற் பேசிப் பார்க்க ஒரு துணையே.

ஆங்கிலத்தைக் கைவிடுக என்று யாம் கூறுகின்றோமல்லேம். உயர்கல்விக்கு அம்மொழி வேண்டுவதே. மனனஞ் செய்தே தேர்வில் வென்றாரும் பலர் என்பார் கூற்றையும் மறுக்கின்றிலம். ஆயின் மனனஞ் செய்தது மறந்தவழி மீண்டும் கண்டடைவதற்கு வழி வேண்டுமன்றோ? பொருளறிந்தவன் சூத்திரத்தை மறப்பினும் நூலைக் கட்டிக் கண்டுகொள்வான். பொருளறிதலோ, பெரும்பாலார்க்குத் தாய்மொழியில் வினவி, தாய்மொழியில் விடை கூறும்போதே நிகழ்கிறது.

இது புதுவழியுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தம் மாணாக்கர்க்குக் கற்பித்தார். கடல் கடந்து வந்த ஒருவர் அத்துணை உழைத்திருக்க, மிஷன் கலாசாலையில் தமிழ் பயிலும் யாம் அடுத்த கட்டிலில் இருப்பவர்க்குச் செவி கொடாதிருத்தல் தகுமோ? அமெரிக்கப் பேராசிரியர் கிப்ஸ் என்பாரும் தம் மாணாக்கர்க்கென 1881க்கும் 1884க்கும் இடையே அச்சிட்ட சிற்றேட்டினின்றே, இன்று யாவரும் கையாளும் வெக்டர் முறை பெரிதும் வளர்ந்தது. சிறு வட்டத்திற்கென எழுதியது சிறிதாகவே நின்றுவிடும் என்பதில்லை.

ஆதலின், நம் தமிழ் மன்றமும் கணித மன்றமும் பருவத்திற்கு ஒருமுறையேனும் ஒருங்கு கூட வேண்டும் என்பது எம் விண்ணப்பம். கணித மாணாக்கர் ஒருவர் ஒரு பொருளைத் தமிழில் விளக்குக. தமிழ் மாணாக்கர் தமக்குத் தெளியும்வரை வினவுக. விளக்குபவர்க்குப் பொருள் தெளியும். வினவுபவர்க்குச் சொல் வளரும். அங்ஙனம் திரண்டவற்றுள் ஒன்றிரண்டு ஆண்டுதோறும் இம்மலரில் இடம்பெறுக. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் இதற்கு ஆதரவு நல்குவரென நம்புகின்றோம்.

தச்சனது நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோலப் புலவனது நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது நன்னூலார் கருத்து. அதனை யாம் பலகால் ஓதியும், எம் மனக்கோணல் தீர விடுதியறையில் ஒரு நூல் கட்ட நேர்ந்தது. அந்நூலை இன்னும் அவிழ்த்திலம். அறைக்கு வருவோர் தலை குனிந்தே நுழைகின்றனர். பலர் இஃது எதற்கென்று கேட்கின்றனர். நண்பரே முன்வந்து அவர்க்கு விடை கூறுகின்றார்.