திறமையா, அதிர்ஷ்டமா என்பதல்ல கேள்வி

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை விதித்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அந்த ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்று இச்சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. பணம் கட்டி, பணத்தை எதிர்பார்த்து ஆடினால் தடைதான்.

இதற்கு முன் நீதிமன்றங்களில் வாதம் அந்தப் பிரிவினையைச் சுற்றியே நடந்தது. தமிழக அரசின் தடைச் சட்டம் செல்லும் என்று 2023 நவம்பரில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. "இது மூளைக்கு வேலை ஹஜ்ரத், சூதாட்டம் இல்லை" என்று நம் இளைஞர்களும் சொல்கிறார்கள்.

ஷரீஅத் கேட்கும் கேள்வி வேறு. வென்றால் அடுத்தவர் பணம் நமக்கு, தோற்றால் நம் பணம் அடுத்தவருக்கு என்ற நிலை இருக்கிறதா? இருந்தால் அது சூது. அம்பெய்தல், குதிரை, ஒட்டகப் பந்தயங்களுக்குப் பரிசு வைக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அவற்றிலும்கூட, போட்டியாளர் இருவருமே பணம் வைத்து வென்றவர் அள்ளிச் செல்வதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் கூடாது என்றார்கள். அம்பெய்வதைவிடவா ரம்மிக்குத் திறமை வேண்டும்?

"நல்ல காரியத்துக்குத்தானே" என்பது இன்னொரு சமாதானம். ஏழைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட கேரள அரசு 2011இல் காருண்யா லாட்டரியைத் தொடங்கியது. இந்த வாதமும் புதிதல்ல. அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிச் சூதாடி, வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். சூதில் சில பயன்கள் இருப்பதை ஒப்புக்கொண்டே, அதன் பாவம் பெரிது என்கிறது திருக்குர்ஆன் (2:219). பின்னர் இறங்கிய வசனங்கள் (5:90, 91) அதை முற்றாக விலக்கின.

ஆகவே, மத்ரஸா கட்டடத்துக்காகக் குலுக்கல் கூப்பன் விற்றாலும் சட்டம் அதேதான். வழக்கமான விலைக்குப் பொருள் வாங்கும்போது கடைக்காரர் இலவசமாகத் தரும் கூப்பன் வேறு. பரிசுக்காகவே காசு கொடுத்து வாங்கும் சீட்டு வேறு.

புதிய சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. மறுமையிலோ அவருக்கும் கேள்வி உண்டு. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. வென்ற பணத்துக்கு உரியவர் தெரிந்தால் திருப்பித் தர வேண்டும். தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் சிக்கிக்கொண்டது தெரிந்தால், திட்டுவதற்கு முன் "எவ்வளவு கடன்?" என்று கேளுங்கள். வெட்கத்தால் மறைத்த கடனை அடைக்கத்தான் பலர் மறுபடி ஆடுகிறார்கள், வட்டிக்கும் வாங்குகிறார்கள். மஹல்லா ஜமாஅத்துகள் ஜும்ஆவில் கண்டிப்பதோடு நின்றுவிடாமல், அத்தகைய வீட்டுக்கு வட்டியில்லாக் கடனும் கொடுத்து உதவ வேண்டும்.

ஹலாலான சிறிய வருமானத்தில் அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்வானாக! ஆமீன்.