சாவி யார் கையில்?

திரை விலகுகிறது. விளக்கு ஒளிர்கிறது. வேந்தன் வேடத்தில் வருபவனைக் கண்டு கைதட்டுகிறோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் பேசிய வசனத்தைப் பேசிப் பார்க்கிறோம். மகிழ்ச்சிதான்! ஆனால் தோழர்களே, அந்த அரங்கின் கதவைத் திறந்தவன் யார்? விளக்கை ஏற்றி இறக்கியவன் யார்? டிக்கெட் கணக்கை எழுதியவன் யார்? என்றாவது கேட்டோமா நாம்?

கேட்டிருக்க வேண்டும். ஏனெனில், மேடையில் யார் ஏறலாம் என்பதை முடிவு செய்பவன் நடிகன் அல்ல. சாவியைக் கையில் வைத்திருப்பவன்!

இதை ஆள்வோர் அறிவர். அதனால்தான் வெள்ளைக்காரன் 1876இல் நாடகத்துக்கு விலங்கு பூட்டச் சட்டம் செய்தான். அவன் கப்பலேறிய பின்னர், 1954இல் சென்னை மாநிலத்திலே மற்றொரு நாடகச் சட்டம் பிறந்தது. எம்.ஆர். ராதாவின் வாயை அடைக்க வந்த சட்டம் அது என்று அன்றே ஊர் பேசியது. செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது எப்போது? 2013இல்! அரை நூற்றாண்டுக்கு மேல் தொங்கிய பூட்டு அது.

சட்டத்தின் பூட்டு உடைந்தது. கட்டடத்தின் பூட்டு? ஒத்திகை முடித்துவிட்டு, அரங்கு கேட்டு அலைந்த மன்றத் தோழர்களை நாம் அறிவோம். நாடகத்துக்கு நாள் இல்லை, கலியாணத்துக்கு உண்டு! ஊரார் வரிப்பணத்தில் எழுந்த கட்டடத்திலே இந்த நிலை. காரணம், அங்கே காவலுக்கு ஆள் உண்டு. கலையறிந்து நடத்த ஆள் இல்லை.

நடத்துவது எளிய வேலையா? ஆண்டு முழுவதற்கும் நாள் பங்கிட வேண்டும். வந்த குழுவுக்கு மேடையளவு சொல்ல வேண்டும். கடைசி வரிசைக் கிழவிக்கும் வசனம் கேட்க வேண்டும். வசூலில் ஒரு காசு பிசகக் கூடாது. ஆட்டம் முடிந்த இரவே மேடைத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர் அனைவரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். டில்லியிலே உப்ஹார் திரையரங்கில் 1997இல் தீப்பிடித்தபோது 59 பேர் மாண்டனர். கூடுதல் காசுக்காகக் கூடுதல் நாற்காலி போட்டு, வெளியேறும் வழியை அடைத்திருந்தனர். நிருவாகம் தவறினால் கணக்கு மட்டுமா தவறும்? உயிரும் போகும்!

"இதெல்லாம் பணம் படைத்தவன் பார்க்கும் வேலை, நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டுமா?" என்பர் சிலர். எட்டியதே! பெண் வேடம் கட்டிப் பிழைத்த கண்ணுசாமியின் பிள்ளைகள் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவிலே சேர்ந்த சிறுவர்கள். 1925இல் அவர்களே சொந்தச் சபை கண்டார்கள். அவர்கள்தாம் டி.கே.எஸ். சகோதரர்கள். சண்முகத்தின் நடிப்பைப் புகழாதவர் இல்லை. ஆனால் மூத்தவர் சங்கரன் நிருவாகத்தைத் தோளில் சுமந்தாரே, அதைப் பேசுவோர் எத்தனை பேர்? ஊர் ஊராகப் படுதாவையும் பெட்டியையும் ஏற்றி இறக்கி, அத்தனை பேருக்கும் சோறு போட்டு, அடுத்த ஊருக்குக் கொட்டகை பேசியது வசனமா? நிருவாகம்!

ஆகவே, கலை ஆர்வம் கொண்ட இளைஞனே, நடிக்க மட்டுந்தான் வருவேன் என்று நிற்காதே. விளக்கைக் கற்றுக்கொள். ஒலியைக் கற்றுக்கொள். கணக்குப் புத்தகத்தைக் கையிலெடு. கணிப்பொறியில் இருக்கை பதியத் தெரிந்துகொள். டில்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பிக்கிறார்கள். அங்கு போக வசதியில்லையா? உன் ஊர் அரங்கிலே துடைப்பத்தோடு நுழை. தூண் தூணாகத் தெரிந்துகொள். துடைப்பம் பிடித்த கை சாவி பிடிக்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை.

அரசுக்கும் நகராட்சிகளுக்கும் நாம் சொல்வது ஒன்றுண்டு. பொது அரங்குகளில் பயிற்சி பெற்றவரை அமர்த்துங்கள். தினக்கூலியாக அல்ல, நிரந்தரமாக. மாதத்தில் சில நாட்களேனும் உள்ளூர் நாடகக் குழுவுக்கென்று குறைந்த வாடகையில் ஒதுக்குங்கள். அந்த நாட்களைப் பலகையில் எழுதி வாசலிலே மாட்டுங்கள்.

கைதட்டக் கற்றோம், வசனம் பேசக் கற்றோம். இனிக் கதவைத் திறக்கக் கற்போம்! உழைப்பவன் கையில் சாவி இருந்தால், உழைப்பவன் கதை மேடையேறும்.