கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டுமா?

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தைச் சுற்றிச் சரக்கு அனுப்பும் சிறு நிறுவனங்கள் ஏராளம். இரண்டு இறக்குமதியாளர்கள் பணத்தகராறில் வழக்காடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய சரக்கை ஏற்றி இறக்கியவரின் கதவைப் பெய்லிஃப் தட்டுகிறார். கையில் அழைப்பாணை: ஐந்து வருடப் பற்றுச்சீட்டுகள், எல்லா வாடிக்கையாளர்களின் விலை விபரம், மின்னஞ்சல்கள் அத்தனையுடனும் சாட்சி சொல்ல வரவேண்டும். வழக்கு தன்னுடையதல்ல என்று அதை இழுப்பறையில் போட்டால் பிடியாணை வரைக்கும் போகலாம். பயந்துபோய்ப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தால் மற்ற வாடிக்கையாளர்களின் வியாபார ரகசியமும் சேர்ந்து போகும். அளவு மீறிய அழைப்பாணையை நீதிமன்றத்திலேயே எதிர்த்து, அதைச் சுருக்கக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 2016 முதல் நடைமுறையில் உள்ள கியூபெக் குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 18ஆம் பிரிவு, செலவும் சிரமமும் பிணக்கின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. இதைவிட வலுவான ஆதாரம் 'குளோப் அண்ட் மெயில்' பத்திரிகையின் வழக்கு. விளம்பர ஆதரவுத் திட்ட ஊழல் தொடர்பாகக் கனடாவின் மத்திய அரசு பாலிகோன் குழுமத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. வழக்கு காலங்கடந்தது என்று காட்ட, அந்தப் பத்திரிகையின் செய்தியாளர் டானியேல் லெப்லாங்குக்குத் தகவல் கொடுத்தவர் யாரென்று அறிய முயன்றது பாலிகோன். மொன்றியல் நீதிபதி கேள்விகளுக்கு வழிவிட்டார். 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பத்திரிகைக்கு முழு விலக்கும் கொடுக்கவில்லை. அந்தத் தகவல் வழக்குக்கு எவ்வளவு முக்கியம், வேறு வழியில் கிடைக்காதா என்று எடைபோட்டுத் தீர்மானிக்கும்படி கீழே திருப்பி அனுப்பியது. சரக்குக்காரருக்கும் அந்தக் கேள்வி உதவும். இறக்குமதியாளர்கள் இருவரிடமும் இருக்கும் பற்றுச்சீட்டை மூன்றாமவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

'கொடுத்தால்தான் என்ன, அது ரகசியமாகத்தானே இருக்கும்' என்பார்கள். உண்மைதான். விசாரணைக்கு முந்திய கேள்விகளில் வெளிவரும் தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2001இல் லாக் டாமியாந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் போட்டிக்காரர் ஒருமுறை பார்த்த விலையை மறக்கவைக்க எந்த நீதிபதியாலும் முடியாது. தவிர, அந்தப் பாதுகாப்பு பகிரங்க நீதிமன்றத்தில் பதிவாகும் சாட்சியம் வரைக்கும் நீளாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: எதிர்ப்பு என்ற பெயரில் உண்மையை மறைக்கலாமே? மறைத்திருக்கிறார்கள். வணிக ஆவணங்களை வெளியிடத்து நீதிமன்றம் கேட்டாலும் மாகாணத்துக்கு வெளியே அனுப்பக்கூடாது என்று கியூபெக்கில் ஒரு சட்டம் உண்டு. அஸ்பெஸ்டஸால் புற்றுநோய் வந்ததாக பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒருவர் தொடுத்த வழக்கில், கியூபெக் நிறுவனங்கள் அந்தச் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்தன. 1993இல் உச்ச நீதிமன்றம், பிற மாகாண வழக்குகளுக்கு அது செல்லாது என்றது. சரியான தீர்ப்பு. அவர்கள் மொத்தக் கதவையும் சாத்தினார்கள். நான் சொல்வது, தேவையானதைக் கொடுத்து மிச்சத்துக்குக் காரணம் கேட்பது.

கியூபெக்கில் அழைப்பாணைக்கும் ஆஜராகும் நாளுக்கும் இடையே வழக்கமாகப் பத்து நாளாவது இருக்க வேண்டும். அவசரமென்று நீதிமன்றம் அதையும் குறைக்கலாம். ஆகவே அழைப்பாணை கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.